கிளியா செல்கள் பிறப்பதை எதில் ஆராய்வது? சுண்டெலி, வளர்ப்புத் தட்டு, ஜீப்ரா மீன், பழ ஈ, மனித ஆர்கனாய்டு: ஓர் ஒப்பீடு

மூளை வளர்ச்சியை ஆராய வரும் மாணவர்கள் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். நரம்பு ஸ்டெம் செல்கள் முதலில் நியூரான்களை உருவாக்கிவிட்டு, பிறகு கிளியா செல்களை (நியூரான்களுக்குத் துணைநிற்கும் செல்கள்) உருவாக்க மாறுகின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த மாற்றத்தை ஆராய வேண்டும் என்ற ஆர்வமும் இருக்கிறது. எந்த அமைப்பில் ஆராய்வது என்பதுதான் முடிவாகவில்லை. கடைசியில் ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே எது இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்கிறார்கள். கேட்ட கேள்விக்கும் கையில் இருக்கும் அமைப்புக்கும் பொருத்தமில்லை என்பது, பாதிக் காலம் கழிந்த பிறகு தெரியவருகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செல்லால் என்னவாக ஆக முடியும் என்பது ஒரு கேள்வி. வளரும் மூளைக்குள் அது உண்மையில் என்னவாக ஆகிறது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டில் எது உங்களுடையது என்று தெளிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். இத்துறையில் நடந்த பெரிய குழப்பங்கள் பலவும் முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொண்டதால் வந்தவையே.

## நடப்பது என்ன

கருவின் மூளையில், திரவம் நிரம்பிய அறைகளின் சுவரை ஒட்டி நீண்ட செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு முனை அறையைத் தொட்டிருக்கும்; மறுமுனை மூளையின் வெளிப்பரப்பு வரை நீண்டிருக்கும். இவையே ரேடியல் கிளியா. புதிதாகப் பிறந்த நியூரான்கள் பற்றி ஏறும் கம்பங்களாக மட்டுமே இவற்றை நெடுங்காலம் கருதினார்கள். அந்த நியூரான்களைப் பெற்றெடுப்பவையும் இவைதான் என்பதை 2000, 2001 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின.

சுண்டெலியின் பெருமூளைப் புறணியில் (மூளையின் வெளி அடுக்கு) ஏறத்தாழ கருநாள் 11 முதல் 17 வரை நியூரான்கள் பிறக்கின்றன. பிறப்பை ஒட்டிய நாட்களில் ஆஸ்ட்ரோசைட்டுகள் (நியூரான்களைப் பேணும் விண்மீன் வடிவக் கிளியா) உருவாகத் தொடங்குகின்றன. நியூரானின் இழைகளுக்கு மைலின் என்ற காப்புறையைச் சுற்றும் ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள் பெரும்பாலும் குட்டி பிறந்த பிறகே முதிர்கின்றன. மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா இந்தக் கணக்கில் சேராது. அவை நரம்பு ஸ்டெம் செல்லிலிருந்து வருவதில்லை, கருவுணவுப் பையில் தோன்றி மூளைக்குள் குடியேறுகின்றன. 2010-ல் சுண்டெலியில் செய்த வம்சாவளி ஆய்வு இதை உறுதிப்படுத்தியது.

ஒரே ஸ்டெம் செல் ஏன் ஒரு கட்டத்தில் நியூரானை விட்டுவிட்டு கிளியாவுக்கு மாறுகிறது? வெளியிலிருந்து வரும் காரணமும் உண்டு, உள்ளே இருக்கும் காரணமும் உண்டு. பிறந்த நியூரான்கள் கார்டியோட்ரோஃபின்-1 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது ஸ்டெம் செல்லில் ஜாக்-ஸ்டாட் என்னும் சைகைப் பாதையைத் தூண்டி, ஆஸ்ட்ரோசைட் மரபணுக்களை இயக்குகிறது. போதுமான நியூரான்கள் சேர்ந்த பிறகு, அவையே தம் தாய்ச் செல்லின் வேலையை மாற்றுகின்றன. ஆனால் இதே சைகையைக் கருவின் தொடக்கத்தில் கொடுத்தால் ஸ்டெம் செல் அசைவதில்லை. ஆஸ்ட்ரோசைட்டுக்குரிய ஜி.எஃப்.ஏ.பி மரபணுவில் ஸ்டாட்3 புரதம் வந்து அமர வேண்டிய இடம் அப்போது மெத்தில் தொகுதியால் அடைபட்டிருக்கிறது. கரு வளர வளர அந்த அடைப்பு நீங்குகிறது என்பதை 2001-ல் கண்டறிந்தார்கள். நாட்ச் சைகையும், சாக்ஸ்9, என்.எஃப்.ஐ.ஏ ஆகிய படியெடுப்புக் காரணிகளும் (மரபணுக்களை இயக்கும் புரதங்கள்) இந்தத் திறப்பில் பங்கெடுக்கின்றன.

அதாவது, சைகை வருவதும் அதைக் கேட்கும் நிலைக்குச் செல் வருவதும் தனித்தனி நிகழ்வுகள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் அமைப்பு இவற்றில் எதைத் தக்கவைக்கிறது, எதைக் கலைத்துவிடுகிறது என்பதைத்தான் கீழே எடைபோடப் போகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

வல்லமையா (என்னவாக ஆக முடியும்), விதியா (உண்மையில் என்னவாக ஆகிறது). செல்லைத் திசுவிலிருந்து பிரித்தெடுத்த மறுகணமே அதன் வல்லமையை மட்டுமே பார்க்கத் தொடங்குகிறீர்கள். அதன் இயல்பான விதியைப் பார்க்க, அது தன் இடத்திலேயே இருக்க வேண்டும்.

கடிகாரம். ‘எப்போது மாறுகிறது’ என்பது உங்கள் கேள்வியானால், அந்த உயிரினத்தின் கால ஓட்டத்தை அமைப்பு அப்படியே காக்க வேண்டும். விரைவுபடுத்தும் உத்திகள் எல்லாம் இந்தக் கேள்வியையே அழித்துவிடும்.

ஒற்றைச் செல்லின் வம்சாவளி. ஒரு கூட்டம் முதலில் நியூரானையும் பிறகு கிளியாவையும் தருகிறது என்றால், ஒவ்வொரு செல்லும் இரண்டையும் தருகிறது என்று பொருளல்ல. கூட்டத்தில் பாதி நியூரான் தந்துவிட்டு ஓய்ந்து, மீதிப் பாதி காத்திருந்து கிளியா தந்தாலும் இதே காட்சிதான் தெரியும்.

அடையாளம். கிளியா பிறந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? ஜி.எஃப்.ஏ.பி ஒன்றை மட்டும் நம்புகிறவர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. மனிதக் கருவில் ரேடியல் கிளியாவே ஜி.எஃப்.ஏ.பி-ஐ வெளிப்படுத்துகிறது, ஆகவே அது தெரிவதால் ஆஸ்ட்ரோசைட் வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. சுண்டெலிப் புறணியின் சாம்பல் பகுதியிலோ, முதிர்ந்த ஆஸ்ட்ரோசைட்டுகள் பலவற்றில் அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைவு. கிளாஸ்ட், பி.எல்.பி.பி போன்ற புரதங்கள் ரேடியல் கிளியாவுக்கும் ஆஸ்ட்ரோசைட்டுக்கும் பொது. ஒலிக்2 முன்னோடிச் செல்களிலும் இருக்கும். ஒலிகோடெண்ட்ரோசைட் வரிசைக்கு சாக்ஸ்10, பி.டி.ஜி.எஃப் ஆல்ஃபா ஏற்பி ஆகியவை ஓரளவு நம்பத்தக்கவை. எந்த அமைப்பை எடுத்தாலும் இரண்டு அடையாளங்கள் இருக்க வேண்டும், ஸ்டெம் செல்லுக்குரிய ஓர் அடையாளம் இல்லாமல் இருக்க வேண்டும், செல்லின் வடிவமும் ஒத்துவர வேண்டும்.

மரபணுவைத் தொடும் வசதியும், உங்களிடம் உள்ள காலமும். இவை எல்லோரும் முதலில் கேட்பவை. நான் கடைசியில் வைக்கிறேன்.

## சுண்டெலி

விதியைக் கேட்பவர்களுக்கு இன்றும் முதல் தேர்வு இதுதான். மரபுத்தொகுதியில் குறித்த இடத்தை வெட்டி, மரபணுவை நீக்கவோ இயக்கவோ உதவும் கிரீ நொதியைக் குறிப்பிட்ட செல்லில், குறிப்பிட்ட நாளில் இயக்கி, அந்தச் செல்லையும் அதன் சந்ததியையும் நிரந்தரமாக ஒளிரவைக்கலாம். இப்படிக் கிடைத்த இரண்டு முடிவுகளைச் சொன்னாலே இதன் மதிப்பு விளங்கும்.

2006-ல் வெளியான ஆய்வு, முன்மூளையில் ஒலிகோடெண்ட்ரோசைட் முன்னோடிகள் மூன்று அலைகளாக வருகின்றன என்று காட்டியது. முதல் அலை மூளையின் அடிப்பகுதியிலிருந்து கருநாள் 12.5 வாக்கில் கிளம்புகிறது. இரண்டாவது, பக்கவாட்டு மேடுகளிலிருந்து வருகிறது. மூன்றாவது, பிறப்புக்குப் பின் புறணியிலிருந்தே எழுகிறது. முதலில் வந்து புறணியை நிரப்பிய அலை, பின்னர் அங்கிருந்து ஏறத்தாழ மறைந்துபோகிறது. முதிர்ந்த விலங்கை மட்டும் பார்த்தவருக்கு அப்படியொரு அலை வந்துபோனதே தெரியாது. மூன்றில் ஒன்றை அதன் பிறப்பிடத்திலேயே அழித்தால் மற்றவை அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன.

2014-ல், சந்ததியின் இரு கிளைகளையும் தனித்தனி நிறத்தில் காட்டும் மேடம் முறையில், புறணியின் ரேடியல் கிளியாவை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார்கள். நியூரான் தந்த ரேடியல் கிளியாவில் ஏறத்தாழ ஆறில் ஒன்றுதான் தொடர்ந்து கிளியாவையும் தருகிறது என்று தெரிந்தது. ‘எல்லா ரேடியல் கிளியாவும் கடைசியில் கிளியாவாக மாறும்’ என்று பாடப்புத்தகப் படம் பார்த்துப் பழகியவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டும். இதோடு, பிறந்த பிறகு புறணிக்குள்ளேயே ஆஸ்ட்ரோசைட்டுகள் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகுவதுதான் அவற்றின் எண்ணிக்கைக்கு முக்கியக் காரணம் என்று 2012-ல் காட்டினார்கள். மூளையறைச் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கதையின் பின்பாதி தவறிவிடும்.

இப்போது மறைந்திருக்கும் செலவுகள்.

ஒன்று, கிரீ வரிசையின் (கிரீ நொதி கொண்ட சுண்டெலிப் பரம்பரையின்) பெயரை நம்புவது. மனித ஜி.எஃப்.ஏ.பி மரபணுவின் ஊக்கியால் (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ பகுதி) இயங்கும் கிரீ சுண்டெலியை எடுத்து, ‘ஆஸ்ட்ரோசைட்டில் மட்டும் மரபணுவை நீக்கினேன்’ என்று எழுதுபவர்கள் உண்டு. அந்த ஊக்கி கருநாள் 13.5 வாக்கிலேயே ரேடியல் கிளியாவில் விழித்துக்கொள்கிறது. அதன் பிறகு பிறக்கும் நியூரான்களிலும் மரபணு நீங்கியிருக்கும். கிளாஸ்ட் ஊக்கியைப் பிறப்புக்குப் பின் இயக்கினால், ஸ்டெம் செல்லோடு ஏற்கெனவே உருவான ஆஸ்ட்ரோசைட்டும் சேர்ந்து ஒளிரும்; யார் யாரைப் பெற்றார்கள் என்று பிரிக்க முடியாது.

இரண்டு, டாமாக்சிஃபென். கிரீயைக் குறித்த நாளில் இயக்கத் தாய்க்கு இந்த மருந்தைக் கொடுக்கிறோம். கருவுற்ற சுண்டெலிக்கு இது பிரசவத்தைத் தடுமாறச் செய்கிறது. பல நேரங்களில் அறுவை செய்து குட்டிகளை எடுத்து, வேறொரு தாயிடம் வளர்க்க விட வேண்டியிருக்கிறது. கிளியா பெரும்பாலும் பிறப்புக்குப் பின் வருவதால், நியூரான் ஆய்வாளருக்கு இல்லாத இந்தச் சுமை உங்களுக்கு மட்டும் கட்டாயமாகிறது. கால அட்டவணை போடும்போதே அதே நாளில் குட்டி ஈனும் வளர்ப்புத் தாய்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் மிகவும் நுட்பமானது. பலரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்வதும் இதுவே. கருப்பையில் இருக்கும் கருவின் மூளையறைக்குள், ஒளிரும் புரதத்துக்கான பிளாஸ்மிட் என்ற வட்ட டி.என்.ஏ-வைச் செலுத்தி, மின்துடிப்பு கொடுத்து ரேடியல் கிளியாவுக்குள் நுழைக்கும் முறை இருக்கிறது. வேகமானது, தனி மரபணு மாற்றிய சுண்டெலி வரிசையும் தேவையில்லை. கருநாள் 14.5-ல் இதைச் செய்துவிட்டு, மூன்று வார வயதுக் குட்டியின் மூளையை வெட்டிப் பார்க்கிறீர்கள். புறணியின் மேல் அடுக்கில் நியூரான்கள் பளிச்சென்று தெரிகின்றன. கிளியா ஒன்றுகூட இல்லை. ‘இந்தச் செல்கள் கிளியா தருவதில்லை’ என்று எழுதத் தோன்றும். நடந்தது வேறு. பிளாஸ்மிட் செல்லின் மரபுத்தொகுதியில் சேர்வதில்லை, தனியே மிதக்கிறது. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அது இரு சேய்களுக்கும் பங்கிடப்பட்டுக் குறைகிறது. மின்துடிப்புக்குப் பிறகு விரைவில் பிறந்த நியூரான் பிரிவதை நிறுத்திவிடுவதால் அதற்குள் பிளாஸ்மிட் நிறைய மிஞ்சியிருக்கிறது. கிளியாவாக மாறும் வரிசையோ பல சுற்றுப் பிரிந்து பெருகுகிறது. கடைசியில் கையிருப்பு தீர்ந்து ஒளி அணைந்துவிடுகிறது. கிளியா இருக்கிறது, உங்கள் விளக்குதான் இல்லை. டிரான்ஸ்போசான் (மரபுத்தொகுதிக்குள் நுழையக்கூடிய டி.என்.ஏ துண்டு) கொண்டு ஒளிரும் மரபணுவை மரபுத்தொகுதிக்குள்ளேயே பதிய வைப்பது இதற்குத் தீர்வு. கிளியாவைப் பின்தொடர்பவர்கள் அந்தக் கருவியில்லாமல் இம்முறையைத் தொடவே கூடாது என்பேன்.

எப்போது சுண்டெலி: கேள்வி விதியைப் பற்றியது, பாலூட்டியின் புறணி அவசியம், விலங்கு வரிசைகளை இணைத்து வளர்க்கும் மாதங்களைத் தாங்கிக்கொள்ள முடியும்.

## வளர்ப்புத் தட்டு

கருவின் புறணியிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து, வளர்ச்சிக் காரணிகள் கலந்த ஊடகத்தில் வளர்ப்பது. மிதக்கும் உருண்டைகளாக வளர்க்கும் நியூரோஸ்ஃபியர் முறை 1992 முதல் வழக்கில் இருக்கிறது. இதைப் பழையது என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படுவதில்லை. இத்துறையின் மிக அழகான சோதனைகளில் ஒன்று தட்டில்தான் நடந்தது.

2000-ல் வெளியான அந்த ஆய்வில், சுண்டெலிக் கருவின் புறணிச் செல்களைப் பிரித்து, மிகச் சிறிய குழிகளில் ஒவ்வொன்றாக விட்டார்கள். ஒரு குழியில் ஒரே செல். சுற்றிலும் திசு இல்லை, இரத்த நாளம் இல்லை, அக்கம்பக்கத்துச் செல்கள் இல்லை. அந்தச் செல் பிரிய, பிரிய, காலமுறைப் படங்கள் எடுத்து யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று குடும்ப மரம் வரைந்தார்கள். முதல் பிரிவுகளில் நியூரான்கள் வந்தன, பிறகுதான் கிளியா. மூளையில் நடக்கும் வரிசை, தனித்து விடப்பட்ட செல்லிலும் அதே ஒழுங்கில் நடந்தது. கடிகாரத்தின் ஒரு பகுதியாவது அந்தச் செல்லுக்கும் அதன் சந்ததிக்கும் உள்ளேயே ஓடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. முழு விலங்கில் இந்த முடிவுக்கு வந்திருக்கவே முடியாது. அங்கே உள்ளும் புறமும் எப்போதும் கலந்தே இருக்கின்றன.

சைகைகளைப் பிரித்தறியவும் தட்டுதான் சிறந்தது. எல்.ஐ.எஃப், பி.எம்.பி ஆகிய இரண்டு சைகைப் புரதங்களும் சேரும்போது ஆஸ்ட்ரோசைட் உருவாக்கம் பன்மடங்காவதையும், அவற்றின் பாதைகள் செல்லுக்குள் ஒரே புரதக் கூட்டணியில் வந்து இணைவதையும் 1999-ல் கண்டது இந்த வழியில்தான். ஒரு மூலக்கூறைச் சேர்த்தோ நீக்கியோ சில நாட்களில் விடை பெறலாம்.

இதன் மறைசெலவு ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: ஊடகமே செல்லின் முகத்தை மாற்றிவிடும். 1983-ல் எலியின் பார்வை நரம்பிலிருந்து எடுத்த முன்னோடிச் செல்கள், சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) இல்லாத ஊடகத்தில் ஒலிகோடெண்ட்ரோசைட் ஆயின. சீரம் கலந்த ஊடகத்தில் ஒருவகை ஆஸ்ட்ரோசைட் ஆயின. அந்த ஆஸ்ட்ரோசைட் வகையை வளரும் பார்வை நரம்புக்குள் தேடிப் பல ஆண்டுகள் உழைத்தும், இயல்பான வளர்ச்சியில் அப்படி ஒன்று உருவாவதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அந்தச் சோதனையில் பிழை ஏதும் இல்லை. செல்லால் முடிந்ததை அது சரியாகவே காட்டியது. 2000-ல் இன்னும் ஒருபடி மேலே போய், அதே வகை முன்னோடிகளைத் தக்க சைகைகளால் நரம்பு ஸ்டெம் செல் போன்ற நிலைக்கே திருப்பிவிட முடியும் என்று காட்டினார்கள். எஃப்.ஜி.எஃப்-2 என்ற சாதாரண வளர்ச்சிக் காரணிகூட, மூளையின் மேற்பகுதிச் செல்லில் அடிப்பகுதிக்குரிய ஒலிக்2-ஐக் கிளப்பிவிடும். நீங்கள் ஒலிகோடெண்ட்ரோசைட்டைப் பார்த்து மகிழும் நேரத்தில், அதை உருவாக்கியது கருவா, உங்கள் புட்டியா என்று கேட்டே ஆக வேண்டும்.

எப்போது தட்டு: ஒரு சைகை எப்படி வேலை செய்கிறது என்பது கேள்வி, காலம் குறைவு, கிடைத்த முடிவை விலங்கின் மூளைத் திசுவில் சரிபார்க்க ஒரு கூட்டாளி இருக்கிறார். அந்தக் கூட்டாளி இல்லையென்றால், தலைப்பில் ‘வளரும் மூளையில்’ என்று எழுதாதீர்கள்.

## ஜீப்ரா மீன்

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இதற்கு ஈடு இல்லை. குஞ்சின் உடல் ஒளி ஊடுருவக்கூடியது. ஒலிக்2 மரபணுவின் கட்டுப்பாட்டில் ஒளிரும் புரதத்தை வைத்து, தண்டுவடத்தில் முன்னோடிச் செல்கள் நகர்வதை உயிரோடு படமெடுத்தார்கள். ஒவ்வொரு செல்லும் தன் மெல்லிய கிளைகளை நீட்டுகிறது, பக்கத்துச் செல்லின் கிளை பட்டதும் சுருக்கிக்கொள்கிறது; இப்படியே ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுப் பரவுகின்றன. ஒரு செல்லை லேசரால் அழித்தால் அக்கம்பக்கத்திலிருந்து வேறொன்று வந்து இடத்தை நிரப்புகிறது. 2006-ல் வெளியான இந்தக் காட்சியை எத்தனை வெட்டுத் துண்டுகளைச் சாயமேற்றிப் பார்த்தாலும் ஊகித்திருக்க முடியாது. மைலினும் கருவுற்ற சில நாட்களிலேயே தொடங்கிவிடும்.

ஆனால் இதன் முன்மூளைக்கு ஆறடுக்குப் புறணி கிடையாது; முன்மூளைக் குழாய் மடிவதே பாலூட்டிகளுக்கு எதிர்த்திசையில். வளர்ந்த மீனிலும் ரேடியல் கிளியா நிலைத்திருந்து புது நியூரான்களைத் தந்துகொண்டே இருக்கிறது. ஆகவே ‘நியூரான் நின்று கிளியா தொடங்கும்’ அந்தத் திருப்பம் இங்கே கூர்மையாக இராது. ஆஸ்ட்ரோசைட்டின் பணிகளை மீனில் ரேடியல் கிளியாவே செய்கிறது என்றுதான் வெகுநாள் எண்ணியிருந்தார்கள். தண்டுவடத்தில் பாலூட்டியினதை ஒத்த ஆஸ்ட்ரோசைட்டுகள் இருப்பதை 2020-ல்தான் விவரித்தார்கள்.

மறைசெலவு மரபணுவில் இருக்கிறது. மீன் குலத்தில் நடந்த மரபுத்தொகுதி இரட்டிப்பால் பல மரபணுக்களுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்றை நீக்கினால் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். மார்ஃபோலினோ என்ற செயற்கை மூலக்கூறு கொண்டு மரபணுவை அடக்கும்போது தெரியும் குறைபாடுகள் பல, அதே மரபணுவை உண்மையாகவே திரித்த மீனில் தெரிவதில்லை என்பதும் 2015-ல் வெளிப்பட்டது. திரிபு மீனை உருவாக்காமல் மார்ஃபோலினோ முடிவை மட்டும் நம்பி ஆய்வேட்டைக் கட்டாதீர்கள்.

எப்போது மீன்: ஒலிகோடெண்ட்ரோசைட் வரிசையின் நகர்வு, பிரிவு, மைலின் தொடக்கம் ஆகியவை கேள்வி, தண்டுவடமே போதும்.

## பழ ஈ

1995-ல் கண்டறிந்த ஜி.சி.எம் மரபணு இதன் பெருமை. அது இல்லாவிட்டால் கிளியாவாக வேண்டிய செல்கள் நியூரான்களாகின்றன. அதை நியூரானாக வேண்டிய செல்லில் இயக்கினால் கிளியா பிறக்கிறது. ஒரே மரபணு, இரு திசையிலும் தெளிவான விடை. பாலூட்டியிலும் இப்படியொரு சாவி இருக்கும் என்று தேடியவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. அதன் உறவு மரபணுக்களில் ஒன்று நஞ்சுக்கொடியிலும் மற்றொன்று பாராதைராய்டு சுரப்பியிலும்தான் முதன்மையாகப் பணியாற்றுகின்றன.

இதனால் ஈயை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மரபணு ஒத்துவராவிட்டாலும் ஒழுங்கு ஒத்துவருகிறது. ஈயின் பார்வை மூளையில் உள்ள நியூரோபிளாஸ்ட்டுகள் என்னும் நரம்பு ஸ்டெம் செல்கள், வரிசையாக வரும் படியெடுப்புக் காரணிகளைக் காலக் குறிகளாகக் கொண்டு வெவ்வேறு நியூரான்களைத் தருகின்றன. அந்த வரிசையின் கடைசிக் கட்டத்தில், டெயில்லெஸ் காரணி வரும்போது, கிளியாவுக்கு மாறுகின்றன. 2013-ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு, செல்லுக்குள் ஓடும் கடிகாரத்தின் பற்சக்கரங்களை ஒவ்வொன்றாக எண்ண விரும்புபவர்களுக்கான அழைப்பு. 25 டிகிரியில் 10 நாளில் ஒரு தலைமுறை. நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே மாணவர் சலித்துப் பார்க்கலாம்.

மைலின் இல்லை, ஒலிகோடெண்ட்ரோசைட்டுக்கு நேர் ஈடும் இல்லை. மனித நோயோடு இணைத்துப் பேச வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருந்தால் இங்கே மூச்சு முட்டும்.

## மனித ஆர்கனாய்டு

மாணவர்களின் கண் இன்று அதிகம் போவது இதன் மேல்தான். முதிர்ந்த உடற்செல்லைத் திருப்பிப் பெறும் தூண்டப்பட்ட ஸ்டெம் செல்லிலிருந்து மூளைத் திசு உருண்டையை வளர்க்கும் முறை 2013-ல் வெளியானது முதல் வேகமாகப் பரவியிருக்கிறது. காரணமும் நியாயமானது. மனிதப் புறணியின் ஆஸ்ட்ரோசைட், கொறிவிலங்கினுடையதைவிட விட்டத்தில் 2.6 மடங்கு பெரியது என்று 2009-ல் அளந்திருக்கிறார்கள். மனிதக் கருவில் மூளையறையை விட்டு விலகி நிற்கும் வெளி ரேடியல் கிளியா ஏராளம். அவை ஒலிகோடெண்ட்ரோசைட் முன்னோடிகளையும் தருகின்றன. சுண்டெலியில் அவ்வகைச் செல் மிக அரிது. இவற்றைப் பற்றிய கேள்விக்குச் சுண்டெலியிடம் விடை தேடுவது வீண்.

ஆனால் கிளியாவை நாடி இங்கே வருபவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆர்கனாய்டின் கடிகாரம் மனிதக் கடிகாரம். அதில் ஆஸ்ட்ரோசைட்டுகள் குறிப்பிடத்தக்க அளவில் வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அவை முதிர்வதைப் பின்தொடர, 2017-ல் ஓர் ஆய்வுக்குழு 20 மாதங்கள் வரை உருண்டைகளை வளர்த்தது. நியூரான் ஆய்வாளர் சில வாரங்களில் அறுவடையை முடித்துக்கொள்ளும்போது, நீங்கள் ஊடகம் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். அத்தனை மாதங்களில் ஒரு நாள் கிருமித்தொற்று வந்தால் போதும், முழுத் தொகுதியும் போய்விடும். இதை யாரும் திட்ட அறிக்கையில் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள் புறணி ஆர்கனாய்டில் தாமாக மிகக் குறைவாகவே வருகின்றன. 2018-ல், பி.டி.ஜி.எஃப், ஐ.ஜி.எஃப்-1, பிறகு தைராய்டு ஹார்மோன் என்று காலம் பார்த்துக் கொடுத்து மைலின் வரை கொண்டுவந்தார்கள். சிறந்த சாதனை. ஆனால் கவனியுங்கள்: வெளியிலிருந்து ஊட்டிய சைகையால் பிறந்த செல்லை வைத்து ‘மனித மூளையில் இவை எப்போது பிறக்கின்றன’ என்று கேட்க முடியாது. என்.எஃப்.ஐ.ஏ-வைச் சிறிது காலம் வலிந்து இயக்கி ஆஸ்ட்ரோசைட்டை விரைவாகப் பெறும் முறைக்கும் இதுவே பொருந்தும். நோயாளியின் ஆஸ்ட்ரோசைட் எப்படிச் செயல்படுகிறது என்று பார்க்க அது அருமையான குறுக்குவழி; கடிகாரத்தை ஆராய அல்ல.

மற்றச் செலவுகள்: இரத்த நாளம் இல்லாததால் உருண்டையின் நடுப்பகுதி ஆக்சிஜன் இன்றிச் சாகிறது. மைக்ரோகிளியா வேறு மூலத்திலிருந்து வருவதால், சேர்த்தாலொழிய இராது. ஆர்கனாய்டுச் செல்களில் அழுத்தம் சார்ந்த மரபணுக்கள் கூடுதலாக இயங்குவதையும், அதனால் செல்வகை அடையாளம் மங்குவதையும் 2020-ல் மனிதக் கருத் திசுவோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். கிளியாவைப் பொறுத்தவரை இது கூடுதல் தொல்லை; அழுத்தத்துக்கு உள்ளான ஆஸ்ட்ரோசைட் தன் முகத்தை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது.

மனிதக் கருத் திசுவையே நேரடியாகப் பயன்படுத்துவதும் உண்டு. அதுவே உரைகல். கடுமையான நெறிமுறை அனுமதியும், திசு கிடைக்கும் நாளுக்காகக் காத்திருப்பதும் தேவைப்படுவதால், தனியொரு மாணவரின் திட்டத்துக்கு அதை முதன்மை அமைப்பாக நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியான ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ தரவுகளை ஒப்பிடப் பயன்படுத்துங்கள்.

## ஒரே பார்வையில்

| அமைப்பு | இயல்பான விதியைக் காட்டுமா | கடிகாரம் | ஒற்றைச் செல்லைத் தொடர்தல் | முதல் விடைக்கு ஆகும் காலம் |
|---|---|---|---|---|
| சுண்டெலி | ஆம், கிரீ வரிசை சரியாக இருந்தால் | முழுமை | மேடம் முறையில் மிக நன்று | பல மாதங்கள் |
| வளர்ப்புத் தட்டு | இல்லை, வல்லமையை மட்டும் | உட்கடிகாரம் மட்டும் | ஒற்றைச் செல் குழியில் நன்று | நாட்கள், வாரங்கள் |
| ஜீப்ரா மீன் | ஆம், மீனுக்கு | திருப்பம் கூர்மையற்றது | நேரடிக் காட்சி | நாட்கள்; திரிபு மீன் தேவையென்றால் மாதங்கள் |
| பழ ஈ | ஆம், ஈக்கு | மிகத் தெளிவு | மிக நன்று | வாரங்கள் |
| மனித ஆர்கனாய்டு | ஓரளவு | மனிதக் கடிகாரம், தலையிடாதவரை | செல்லுக்குள் டி.என்.ஏ குறியிடும் பார்கோடு முறையில் இயலும் | மூன்று மாதத்துக்கு மேல் |

## யாருக்கு எது

திருப்பத்தின் காலம்தான் உங்கள் கேள்வி என்றால், சுண்டெலியையும் ஒற்றைச் செல் வளர்ப்பையும் இணையாக எடுங்கள். இரண்டிலும் ஒரே கருநாளில் தொடங்குங்கள். தட்டில் நடப்பதும் மூளையில் நடப்பதும் எங்கே பிரிகின்றனவோ, அங்கேதான் சுற்றுப்புறத்தின் பங்கு இருக்கிறது. அந்த இடைவெளியே ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள்.

இன்னும் பெயர் தெரியாத மரபணுக்களைத் தேடுகிறீர்கள் என்றால் ஈயில் தொடங்குங்கள். கிடைத்ததைப் பாலூட்டியில் சோதிக்கும்போது ஜி.சி.எம் அனுபவத்தை மறக்காமல், அதே மரபணுவைத் தேடுவதோடு அதே வேலையைச் செய்யும் வேறொன்றையும் தேடுங்கள்.

சைகையின் விளைவைச் சோதிக்க வேண்டும், ஆனால் சுண்டெலி வரிசைகள் இல்லை, காலமும் குறைவு என்றால், கோழிக்கருவின் தண்டுவடத்தை எண்ணிப் பாருங்கள். முட்டையில் சாளரம் வெட்டி மின்துடிப்பு கொடுப்பது எளிது. தண்டுவடத்தில் கிளியா தொடக்கத்துக்கு என்.எஃப்.ஐ.ஏ தேவை என்பது 2006-ல் தெளிவானதில் கோழிக்கருவுக்கும் பங்கு உண்டு. பிளாஸ்மிட் நீர்த்துப்போகும் சிக்கல் இங்கும் அதேபோல் இருக்கிறது.

மனித நோயோடு தொடர்புடைய மரபணுத் திரிபு ஒன்று கையில் இருந்து, அது கிளியா உருவாக்கத்தைப் பாதிக்கிறதா என்று கேட்பவர்கள் ஆர்கனாய்டுக்குப் போகலாம், மூன்று முன்னேற்பாடுகளோடு. திரிபுள்ள செல் வரிசைக்கு இணையாக, அந்தத் திரிபை மட்டும் திருத்திய வரிசையையும் வளருங்கள்; வேறொருவரின் செல்லோடு ஒப்பிட்டால், தெரியும் வேறுபாடு திரிபால் வந்ததா ஆளால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஒரே தொகுதியின் உருண்டைகளைப் பல மாதிரிகளாக எண்ணாமல், தனித்தனியாகத் தொடங்கிய தொகுதிகளை எண்ணுங்கள். மூன்றாவதாக, ஆஸ்ட்ரோசைட் குறைவாக இருப்பதைக் கண்டால் உடனே ‘கிளியா உருவாக்கம் தடைபட்டது’ என்று எழுதிவிடாமல், அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அதே தொகுதியிலிருந்து உருண்டைகளை எடுத்து எண்ணுங்கள். தடைபட்ட வரிசையில் எண்ணிக்கை அப்படியே நிற்கும். தாமதப்பட்ட வரிசையில் அது மெல்ல ஏறிவரும். இரண்டுக்கும் காரணம் வேறு, தேட வேண்டிய மூலக்கூறும் வேறு. ஆகவே முதல் உருண்டையைத் தொடங்கும் நாளிலேயே, கடைசி எண்ணிக்கைக்குத் தேவையான உருண்டைகளையும் சேர்த்து வளர்க்கத் தொடங்குங்கள்.